ஹாஷிமியாவிடம் இருந்த அறுபத்தொரு பெயர்கள்

அந்த உறையை யார் பொறுப்பில் வைப்பது என்ற பேச்சு வந்ததும் எங்கள் தலைமையாசிரியர் ஸத்தார் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் விடைத்தாள் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். டாக்டர் ஷதா பழுப்பு உறையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பஸ்ராவில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். காலையிலிருந்து எங்கள் பிள்ளைகளின் கன்னத்தைச் சுரண்டிச் சுரண்டிக் களைத்துப் போயிருந்தார்.

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த ஹாஷிமியாதான் கேட்டாள்.

“என்ன டாக்டர், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காது அடைச்சுப் போச்சா?”

“இதுல பிள்ளைங்க பேர் இருக்கு. ஒவ்வொரு பேருக்கும் நேரா ஒரு எண். கண்ணாடித் தகட்டுல எண் மட்டும்தான் எழுதியிருக்கோம். மைக்ராஸ்கோப்புல பாக்கறவங்களுக்கு எது யார் பிள்ளைன்னு தெரியக் கூடாது. அதனால இந்தப் பட்டியல் எங்ககிட்ட இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும்.”

“அவ்வளவுதானே? எங்கிட்ட குடுங்க. ப்ளீச்சிங் பவுடர் அலமாரியில வெச்சுப் பூட்டிடறேன். அந்த நாத்தத்துக்கு ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க.”

டாக்டர் உடனே கொடுக்கவில்லை. எங்கள் வழக்கப்படி, ரபாபின் தாய் என்று மகள் பெயரால் அவளைக் கூப்பிட்டார். “உம்மு ரபாப், யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது.”

“யார் கேட்டாலும்னா?”

“யார் கேட்டாலும்.”

“அபுல் ஃபள்ல் மேல ஆணை,” என்றாள் ஹாஷிமியா. எங்கள் ஊரில் அந்தப் புனிதர் பெயரால் ஆணையிட்டுவிட்டு மீறியவர் கிடையாது. ஸத்தார் அப்போதுதான் சன்னலை விட்டுத் திரும்பி, தேநீரை எடுத்தார்.

ஹாஷிமியா எங்கள் பள்ளியின் பணிப்பெண். பெருக்குவது, துடைப்பது, மணியடிப்பது, வயிற்றுவலி வந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள் வேலை. பிள்ளைகள் அவளைக் ‘காலா’ என்று, சின்னம்மா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். பிறந்தது சதுப்பு நிலத்தில், நாணல் வீட்டில். தண்ணீரை வெட்டித் திருப்பிச் சதுப்பைக் காயவைத்த காலத்தில் அவளுக்குப் பதினாலு வயது. எருமைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சியதை விற்றுவிட்டு அவள் அப்பா குடும்பத்தை எங்கள் நஹ்ர் சுவைலிமுக்குக் கூட்டிவந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிஸ்பானைக் கட்டிக்கொண்டாள். அவன் எண்ணெய் வயலின் மூன்றாம் வாசலில் காவலாளி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள்தான் ரபாப். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாள்.

எங்கள் ஊரைச் சுற்றி ஏழு எரிகுழாய்கள். எண்ணெயோடு வரும் வாயுவை வேறெதுவும் செய்யத் தெரியாமல் இருபத்து நாலு மணி நேரமும் வானத்தில் எரிக்கிறார்கள். மிக அருகிலிருப்பது பள்ளியின் பின்சுவரிலிருந்து அறுநூறு அடி. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் ஸத்தார் சொல்வதற்கு முன்பே ஹாஷிமியா சன்னல்களைச் சாத்திவிடுவாள். தினமும் காலையில் ஈரத்துணியால் பெஞ்சுகளைத் துடைப்பாள். துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், கடைசி வகுப்பறையில் மை நிறத்துக்கு. அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

டாக்டர் ஷதா முதலில் வந்து தாய்மார்களிடம் பேசியபோது ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. அவர் கொண்டுவந்த தாளில் நாற்பது கேள்விகள் இருந்தன. வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா, ரொட்டி தந்தூர் அடுப்பில் சுடுகிறீர்களா, கடையில் வாங்குகிறீர்களா என்று.

“பாத்தீங்களா? கடைசியில எந் தந்தூர் மேல பழியப் போட்டுட்டுப் போயிடுவாங்க,” என்றாள் ஒருத்தி. “வானத்துல ஏழு அடுப்பு எரியுது, அது கண்ணுல படல. எங்க வீட்டு அடுப்புதான் தெரியுது.”

அறை முழுக்கச் சிரிப்பு. பத்ரியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மூத்தவன் ஸஜ்ஜாத் இரண்டு வருஷத்துக்கு முன்பு இரத்தப் புற்றுநோயில் போயிருந்தான். சின்னவள் ஹவ்ரா என் வகுப்பில் இருந்தாள்.

“இதுல என்ன தெரியும்?” என்று கேட்டாள் பத்ரியா.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கன்னத்தின் உட்புறம் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிதாகின்றன. பிரியும்போது உள்ளே இருக்கும் கரு சரிபாதியாகப் போக வேண்டும். மரபு இழை எங்காவது அடிபட்டு அறுந்திருந்தால் ஒரு துணுக்கு பின்தங்கி, பெரிய கருவுக்குப் பக்கத்தில் குட்டிப் புள்ளியாகத் தனியே நின்றுவிடும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் வேலை. அது நோய் இல்லை. நோய்க்கு ரொம்ப முன்னால் தெரிகிற தடம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஷிமியா முன்னால் வந்தாள்.

“மாவு பிசைஞ்சு உருண்டை பிடிக்கிறோம். கை சரியா இருந்தா ஒரு பொட்டுகூடச் சிந்தாது. யாரோ முழங்கையில இடிச்சுட்டா தரையில ஒரு துணுக்கு விழுது. விழுந்த துணுக்க எண்ணினா எத்தன தடவ இடிச்சாங்கன்னு தெரியும். அதானே டாக்டர்?”

“அதேதான்,” என்றார் டாக்டர், கொஞ்சம் வியப்போடு.

“அப்போ மொதல்ல எங் கன்னத்தச் சுரண்டுங்க,” என்று வாயைத் திறந்து நின்றாள். மிருதுவான பல் தூரிகையால் டாக்டர் அவள் கன்னத்தைத் தேய்த்தார். “கூசுது” என்று வாயைத் திறந்தபடியே அவள் சொன்னது வேறு என்னவோபோலக் கேட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரத்திலேயே அறுபத்தொரு பிள்ளைகளுக்குக் கையெழுத்து வந்தது. என் மகன் யூனுஸும் அதில் ஒருவன்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. நகரத்தின் தென்கோடியில், தோட்டங்களுக்கு நடுவே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதித்த பள்ளியில் ஆயிரம் உயிரணுவுக்கு ஒரு புள்ளிகூடச் சராசரியாக வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மூன்று. டாக்டர் இதை எங்கள் மூவரிடம் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னார். அறிக்கை எழுதி முடிக்கும்வரை வெளியே போகக் கூடாது என்றார்.

மறுவாரமே போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் யாரோ அந்தச் சராசரிகளைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ‘நஹ்ர் சுவைலிம் பிள்ளைகளின் பரம்பரையே கெட்டுவிட்டது’ என்று மேலே ஒரு தலைப்பு. இரண்டே நாளில் ஊர் தலைகீழானது. ஊரின் கடைசி வரிசை வீட்டு ஷைமாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளை யாரும் சோதிக்கவே இல்லை. ஊர்ப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளை வண்டி ஒன்று பள்ளி வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஒருவர் இறங்கினார். பின்னால் இரண்டு பேர். எண்ணெய் வயல் நிர்வாகத்துக்காக வேலை செய்வதாகச் சொன்னார், எந்தப் பதவி என்று சொல்லவில்லை.

“என்ன அபூ ஸைஃப்னு கூப்பிடுங்க,” என்று ஸத்தாரின் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். “எல்லாரும் கவலையா இருக்கோம் வாத்தியாரே. முடிவு எங்களுக்குத் தெரியும், பேரு தெரியாது. பேரு கெடச்சா நாங்களே வீட்டுக்கு வீடு போய் உதவி செய்வோம்.”

என்ன உதவி என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் செய்ததுதான். ‘என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, யார் மீதும் புகாரில்லை’ என்று அச்சடித்த தாளில் தகப்பன்மாரிடம் கையெழுத்து வாங்குவார்கள். வயலில் வேலை பார்க்கும் தகப்பன் மறுக்க முடியுமா?

“பட்டியல் எங்கிட்ட இல்லீங்க,” என்றார் ஸத்தார். அது உண்மை.

அபூ ஸைஃப் என்னைப் பார்த்தார். “டீச்சர்?”

என் கண் என்னைக் கேட்காமலே நடையின் கோடியில் இருந்த அலமாரிப் பக்கம் போய்விட்டது. அங்கே ஹாஷிமியா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அபூ ஸைஃப் என் பார்வையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இன்றுவரை அந்த ஒரு நொடிக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

“உம்மு ரபாப் தானே? மிஸ்பான் வீட்டுக்காரி. நல்ல மனுஷன். மூணாம் வாசல்ல பதினோரு வருஷம்.”

“பன்னெண்டு,” என்றாள் ஹாஷிமியா, துடைப்பதை நிறுத்தாமல். “காலத் தூக்குங்க, ஈரமா இருக்கு.”

அவர் சிரித்தபடி காலைத் தூக்கினார். “வியாழக்கிழமை வர்றேன். அந்தக் காகிதத்த எடுத்து வைங்க. பூட்ட ஒடைக்கறது, அது இதுன்னு பள்ளிக்கூடத்துல அசிங்கம் வேண்டாம்.”

அன்று சாயங்காலம் மிஸ்பான் வேலையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டானாம். ஹாஷிமியா பிறகு என்னிடம் சொன்னாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்தானாம்.

“வியாழக்கிழமைக்குள்ள காகிதம் வரலைன்னா மூணாம் வாசலுக்கு வேற ஆள் வருவான்னுட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எம் பொண்டாட்டி சோத்துல உப்ப எங்கிட்ட கேட்டா போடறா, இதக் கேக்கறதுக்குன்னேன். சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.”

அவள் காய்ந்த எலுமிச்சை போட்ட தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. உள்ளே ரபாப் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இருமினாள்.

“நம்ம பிள்ள எண்ணு என்ன?” என்று கேட்டான் மிஸ்பான்.

“தெரியாது. உறைய நான் பிரிக்கல.”

“பிரிச்சுப் பாரேன். நம்ம பிள்ளைய மட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட அந்த எண்ணுக்கு எத்தனைன்னு கேட்டுக்கலாம்.”

“பாத்துட்டு நாளைக்கு பத்ரியா முகத்துல எப்படி முழிப்பேன்?”

“பத்ரியா, பத்ரியா! அவ பிள்ளைக்கு நீ ஆணையிட்ட. எம் பிள்ளைக்கு?” என்று எழுந்து கத்தினானாம். கத்திவிட்டு, சுவரில் நெற்றியை வைத்து நின்றானாம். அவன் அழுததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை பள்ளி வாசலில் பத்ரியா நின்றாள். இரும்புக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே விடாமல். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

“என் ஹவ்ராவோட எண்ணச் சொல்லு.”

“ஆணையிட்டிருக்கேன் பத்ரியா.”

“உன் ஆணைய அடுப்புல போடு. ஒண்ணப் பொதச்சவ நான். அதுக்கு ஒடம்புக்கு என்னன்னு எனக்குக் கடைசியிலதான் சொன்னாங்க. இதையும் கடைசியில சொல்லப் போறீங்களா? அந்த இஸ்திரிச் சட்டைக்காரன் கையில குடுப்ப, பெத்தவ கையில குடுக்க மாட்ட?”

“நான் யார் கையிலயும் குடுக்கல.”

“நாளைக்குக் குடுப்ப. உம் புருஷன் வேல போகுதே.”

பிள்ளைகள் வரிசையாக வேடிக்கை பார்த்தார்கள். காற்று மாறி, எரிகுழாயின் கந்தக நெடி முற்றத்தில் இறங்கியது. வழக்கமாக ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துபவள் நகரவே இல்லை.

பிறகு கைப்பேசியை எடுத்து, அங்கேயே எல்லார் முன்னாலும் டாக்டர் ஷதாவைக் கூப்பிட்டாள்.

“டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேரெல்லாம் யாருக்குச் சொந்தம்? உங்களுக்கா, எனக்கா, பெத்தவளுக்கா?”

பதில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்திக் கைப்பேசியை நீட்டினாள்.

“பெத்தவளுக்குத்தான்,” என்றார் டாக்டர். “அவங்கவங்க பிள்ளையோடது அவங்கவங்களுக்கு. ஒருத்தரோடது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.”

“அப்போ என் ஆணையிலயிருந்து என்ன விடுவிக்கிறீங்களா?”

“விடுவிச்சேன். ஆனா வெறும் எண்ண வெச்சுக்கிட்டு அவங்க பயந்துடுவாங்க உம்மு ரபாப். எத்தன புள்ளின்னு எங்கிட்டதான் இருக்கு. நான் நேர்ல வந்து சொல்றேன். மத்தியானம் ஒரு மணிக்கு அங்க இருப்பேன்.”

ஹாஷிமியா பத்ரியாவைப் பார்த்தாள். “கதவ விடு. பிள்ளைங்க உள்ள போகட்டும். மத்தியானம் அறுபத்தொரு வீட்லயிருந்தும் தாயோ தகப்பனோ ஒருத்தர் வரணும். நீயே போய்க் கூட்டிட்டு வா.”

காலை வகுப்புக்கும் பிற்பகல் வகுப்புக்கும் நடுவே எங்கள் பள்ளி ஒரு மணி நேரம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் பெண்கள் வந்து நான்காம் வகுப்பறையை நிறைத்தார்கள். சில தகப்பன்மார் சுவரோரம் நின்றார்கள். டாக்டர் ஷதா சோதனைச்சாவடியில் நாற்பது நிமிஷம் நிறுத்தி வைக்கப்பட்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பக்கத்து அறையில் தன் கோப்போடு உட்கார்ந்தார்.

ஹாஷிமியா அலமாரியைத் திறந்து உறையை எடுத்தாள். ஒட்டு பிரிபடாமல் இருந்ததை எல்லாருக்கும் காட்டினாள். பிறகு பிரித்தாள். மூன்று தாள்கள். கைவேலை வகுப்புக் கத்தரிக்கோலால் ஒரு பெயரை வெட்டினாள், பெயரைக் கூவி அழைத்தாள், துண்டை மடித்து உள்ளங்கையில் வைத்தாள்.

“இது உன்னோடது. கேக்கணும்னா டாக்டர்கிட்ட போய்க் கேளு. வேண்டாம்னா கிழிச்சுப் போடு. யாரும் உன்ன ஏன்னு கேக்க மாட்டாங்க.”

நாற்பது பெயர்கூட முடிந்திருக்காது. வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. வெள்ளை வண்டி. வியாழக்கிழமை வருவதாகச் சொன்னவர் புதன்கிழமையே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஹாஷிமியாவின் கத்தரிக்கோல் ஒரு பெயரின் குறுக்கே போய்விட்டது. “ஒட்டிக்கலாம், ஒட்டிக்கலாம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் முற்றத்துக்கு ஓடினேன். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“டீச்சர், தொறங்க,” என்றார் அபூ ஸைஃப், கம்பி வழியாக.

“பரீட்சை நடக்குது.”

“பிள்ளைங்களே இல்லையே?”

“பெரியவங்களுக்குப் பரீட்சை,” என்றேன். இரண்டு பேரில் ஒருவன் கதவை உதைத்தான். முதுகெலும்பில் அடி விழுந்ததுபோல இருந்தது. இரண்டாம் உதை. தாழ்ப்பாள் வளைந்தது.

அப்போது ஸத்தார் வந்தார். மெதுவாக நடந்து வந்து, என்னை ஓரமாக நகர்த்திவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்தார்.

“அல்லாஹ் பில் கைர், அபூ ஸைஃப்! வெயில்ல நிக்க வெச்சுட்டோமே. டீச்சருக்கு விருந்தோம்பல் தெரியாது. வாங்க, என் அறைக்கு வாங்க. ஒரு கிளாஸ் குடிக்காம இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு அடி வெச்சா எனக்கு அவமானம்.”

“வேலை இருக்கு வாத்தியாரே.”

“என் வீட்டு வாசல்ல வந்து என் தேநீர வேண்டாம்னு சொல்றீங்களா?”

எங்கள் ஊரில் அதற்கு மறுப்புக் கிடையாது. கூட வந்த இருவரே அபூ ஸைஃபின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். ஸத்தார் அடுப்பைப் பற்றவைப்பதற்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். சர்க்கரை டப்பாவைத் தேடினார். முதல் கிளாஸ் ஆறிவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். அபூ ஸைஃபின் அப்பாவைப் பற்றி, அப்பாவின் ஊரைப் பற்றி, அங்கே இருந்த ஒரு குதிரையைப் பற்றி விசாரித்தார். அவ்வளவு தைரியம் அந்த மனிதரிடம் இருந்ததை இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அபூ ஸைஃப் நான்காம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது மேசை மேல் வெறும் உறையும் கத்தரிக்கோலும் இருந்தன. ஹாஷிமியா நின்றுகொண்டிருந்தாள். வராத நாலு வீட்டுத் துண்டுகள் அவள் வலது கைக்குள் மூடியிருந்தன.

“பட்டியல் எங்க?”

“இருந்துச்சு. இப்ப ஊர்ல இருக்கு. அறுபத்தொரு வீடு, அறுபத்தொரு கதவு. தட்டிப் பாருங்க.”

அவர் மூடிய கையைப் பார்த்தார். ஓர் அடி முன்னால் வைத்தார். பத்ரியா பெஞ்சிலிருந்து எழுந்து ஹாஷிமியாவின் பக்கத்தில் போய் நின்றாள். அப்புறம் தந்தூர்க்காரி. அப்புறம் ஷைமாவின் அம்மா. கறுப்பு அபாயா அங்கிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முன்னால் வந்தன.

அபூ ஸைஃப் சிரித்தார். “மிஸ்பானுக்கு என் சலாம் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் மறைந்த பிறகு ஹாஷிமியா தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பத்ரியாதான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர் டாக்டரிடம் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை. ஒருத்தி துண்டை அங்கேயே மென்று விழுங்கினாள். பத்ரியாவின் ஹவ்ராவுக்கு ஒன்றே ஒன்று. அவள் நம்பவில்லை. “சரியாப் பாருங்க, சரியாப் பாருங்க,” என்று டாக்டரின் கையைப் பிடித்து உலுக்கி, ஸஜ்ஜாத் செத்த அன்றைவிடச் சத்தமாக அழுதாள். என் யூனுஸுக்கு ஏழு. டாக்டர் என்னென்னவோ சொன்னார். இது நோய் இல்லை, ஒரு பிள்ளையின் எண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, கன்னத்து உயிரணு சில வாரத்தில் புதிதாகிவிடும், நல்ல காற்று கிடைத்தால் குறையும் என்று. அறிவியல் டீச்சர் நான், எனக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏழு, ஏழு என்றுதான் காதில் கேட்டது.

ஹாஷிமியா கடைசியாகப் போனாள். ரபாபுக்கு ஐந்து. வெளியே வந்து, இரண்டு மணி நேரம் தாமதமாகப் பிற்பகல் வகுப்புக்கு மணியடித்தாள்.

மறுவாரம் மிஸ்பானின் வேலை போயிற்று. ஒரு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. பழைய ஆட்டோ ஒன்றை ஓட்ட ஆரம்பித்தான்.

கையில் துண்டு வைத்திருந்த பெண்களில் இருபத்தாறு பேர், பத்ரியா முன்னால் போக, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனார்கள். ஐந்தாம் நாள் ஓர் அதிகாரி, “யார் பிள்ளைக்கு என்ன? பேர் இல்லாம வந்து சத்தம் போட்டா எப்படி?” என்று கேட்டாராம். பத்ரியா துண்டை மேசையில் வைத்து, “எழுதிக்கோங்க. ஹவ்ரா. ஒண்ணு. இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான், அவனையும் எழுதிக்கோங்க,” என்றாளாம். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை பெயரைத் தானே சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளியை இடம் மாற்றினார்கள். காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடத்தில், ஏழு கிலோமீட்டர் தள்ளி, பாதி கட்டிவிட்டுக் கிடந்த ஒரு கட்டடம். இரண்டு பேருந்துகள் விட்டார்கள். எரிகுழாய்கள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. ஷைமாவுக்கு வேறு இடம் இன்னும் அமையவில்லை.

அடுத்த வசந்தத்தில் டாக்டர் ஷதா மறுபடி வந்து கன்னம் சுரண்டினார். சராசரி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தது. யூனுஸுக்கு நாலு. ரபாபுக்கு அதே ஐந்து.

“பள்ளிக்கூடத்துல ஆறு மணி நேரம்தான டாக்டர்,” என்றாள் ஹாஷிமியா. “மீதிப் பொழுதெல்லாம் அந்த நெருப்புக்குக் கீழதான கெடக்கறா.”

டாக்டர் ஐந்து என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடினார்.

அந்தக் கோடையில் மிஸ்பான் ரபாபைக் கூட்டிக்கொண்டு குர்னாவுக்கு அப்பால், எரிகுழாய் எட்டாத இடத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கேயே ஆட்டோ ஓட்டுகிறான், அவள் அங்கேயே படிக்கிறாள். ஹாஷிமியாவால் போக முடியவில்லை. குடும்பத்தில் மாதச் சம்பளம் இப்போது அவளுடையது ஒன்றுதான். காலை ஆறு மணிப் பேருந்தில் எங்களோடு ஏறுகிறாள், பிள்ளைகளை எண்ணி உட்காரவைக்கிறாள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மட்டும் குர்னாவுக்குப் போய்வருகிறாள்.

“இருமல் எப்படி இருக்கு?” என்று சனிக்கிழமை கேட்பேன்.

“கொறஞ்சிருக்கு டீச்சர். எண்ணு என்னன்னு தெரியாது, அங்க யார் சுரண்டிப் பாக்கறா? கன்னம் மட்டும் கொஞ்சம் சதை போட்டிருக்கு,” என்பாள். சொல்லிவிட்டு, துணியை நனைத்துக்கொண்டு முதல் வகுப்பறைக்குள் போவாள்.